ஏரியில் விடப்பட்ட வீட்டு வாத்துகளை என்ன செய்வது? நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் வசிக்கும் சகோதரி ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பூங்காவின் ஏரியில் சில நாள்களாக மூன்று வெள்ளை வாத்துகள் தென்படுகின்றனவாம். ஆளைக் கண்டால் விலகாமல் கரையேறி ஓடி வருகின்றனவாம். பிள்ளைகள் ரொட்டி போடுகிறார்களாம். "யாரோ வளர்த்துவிட்டு இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தண்ணீரும் புல்லும் இருப்பதால் அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? தெரிவித்தால் கொன்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நானே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் அனுப்பிய படத்தையும் பார்த்தேன்.

படத்தில் இருப்பவை பெக்கின் இன வாத்துகள். இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் பல தலைமுறைகளாகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு வருபவை. இவற்றின் மூதாதையான காட்டு வாத்து ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். நன்றாக வளர்ந்த பெக்கின் வாத்தோ மூன்று, நான்கு கிலோவைத் தொட்டுவிடும். இறக்கை மட்டும் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை. ஆகவே அது இறக்கையை அடித்துக்கொண்டு சில அடி தூரம் ஓடுமே தவிர, ஆபத்து வந்தால் எழும்பிப் பறந்து தப்ப அதனால் முடியாது. சிங்கப்பூரில் இயற்கையாக வாழும் சிறு காட்டு வாத்துகள் பழுப்பு நிறமானவை. நாம் நெருங்குவதற்கு முன்பே சீழ்க்கை ஒலியுடன் கூட்டமாகப் பறந்துவிடும். நம்மை நோக்கி ஓடி வரும் வாத்து, மனிதர் கையால் தீனி வாங்கிப் பழகிய வாத்து. அது பசியோடு ஆள் தேடி வருகிறது என்பதைத்தான் அந்த ஓட்டம் காட்டுகிறது.

தண்ணீர் இருக்கிறதே என்று விட்டுவிடலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இன்று நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன. நீர் உடும்புகளும் மலைப்பாம்புகளும் இருக்கின்றன. அவை வேட்டையாடுவது அவற்றின் இயல்பு, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால், இரவானால் பட்டியில் அடைக்கப்பட்டு வளர்ந்த ஒரு பறவையை, வெள்ளை வெளேரென்று தெரியும் உடலோடு அவற்றின் முன்னால் கொண்டுபோய் விடுவதைச் சுதந்திரம் கொடுப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாவரவியல் பூங்காவின் ஏரியில் அன்னங்கள் நீந்துகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த அன்னங்களைப் பராமரிக்கப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் யாரும் இல்லை.

ரொட்டி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்போடு செய்யப்படும் தீங்கு அதில்தான் அதிகம். ரொட்டி வயிற்றை நிரப்பும். வாத்துக்குத் தேவையான புரதமும் உயிர்ச்சத்தும் அதில் போதிய அளவு இல்லை. இளம் வாத்துகளுக்கு நயாசின் என்னும் பி3 உயிர்ச்சத்துக் கோழிக்குஞ்சுகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அது குறைந்தால் கால் மூட்டு வீங்கி, நடக்க முடியாமல் முடங்கிவிடும். உண்ணாமல் மிஞ்சும் ரொட்டி தண்ணீரில் ஊறி அழுகும்போது பாசி பெருகுகிறது. வெப்பமான, தேங்கிய, அழுகல் நிறைந்த நீர்தான் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய்க்கு வசதியான இடம். அந்த நோய் கண்ட வாத்துக்கு முதலில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்தைத் தூக்க வலுவில்லாமல் தண்ணீருக்குள் முகம் கவிழ்ந்து மூழ்கிவிடும். அதைப் பார்த்தவர்கள் மறுபடி ரொட்டித் துண்டைக் கையில் எடுக்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: வாத்துக்கென்று போடும் தீனியைப் புறாக்களும் தின்னும். புறாக்களுக்கும் வனவிலங்குகளுக்கும் தீனி போடுவது இங்கே குற்றம். 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டாலே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பிள்ளைகளிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தெரிவிப்பது. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். பொது இடப் பிரச்சினைகளைத் தெரிவிப்பதற்கான ஒன்சர்வீஸ் செயலி வழியாகவும் சொல்லலாம். "ஏரியில் வாத்து இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், வருபவர்கள் அது காட்டுப் பறவையாக இருக்கலாம் என்று நினைக்கக்கூடும். வீட்டு வாத்துகள், இத்தனை, இந்த நிறம், காலை எத்தனை மணிக்கு எந்தக் கரையில் ஏறுகின்றன, நொண்டுகின்றனவா, இறக்கை தொங்குகிறதா என்று படத்தோடு எழுதுங்கள். வாலின் மேல் ஓர் இறகு சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் ஆண். உரக்கக் கத்துவது பெண், ஆணின் குரல் கரகரவென்று தாழ்ந்திருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் அடைகாக்கத் தொடங்கிய 28 நாள்களில் குஞ்சுகள் வெளிவந்துவிடும். அதன்பின் மீட்க வேண்டியவை பத்துப் பன்னிரண்டு ஆகிவிடலாம். யாராவது கொண்டுவந்து விடுவதை நேரில் பார்த்தால் அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக் கொடுங்கள். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதற்கு முதல் முறை குற்றவாளிக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பௌத்தர்களின் விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று நம்பி விலங்குகளை நீரில் விடுகிறவர்களும் உண்டு. அவர்களின் நோக்கம் நல்லது, விடப்பட்ட உயிருக்கு நேர்வது நல்லதன்று.

இனி, சகோதரியின் பயம். அதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். பிடிக்கப்பட்ட எல்லா வாத்தும் வாழும் என்று யாரும் உறுதி தர இயலாது. நோய் முற்றிய பறவையை வேதனையிலிருந்து விடுவிக்கும் முடிவை மருத்துவர் எடுக்க நேரலாம். ஆனால், நலமாக இருக்கும் வாத்துக்கு முன்னால் நிற்கும் உண்மையான தடை, அதை ஏற்றுக்கொள்ள இடம் இல்லை என்பதுதான். ஆகவே தெரிவித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதே நாளில் ஏற்கக்கூடியவர்களைத் தேடத் தொடங்குங்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடம் கேளுங்கள். வாத்து வளர்த்த அனுபவமுள்ள தரைவீட்டுக்காரர்களையும், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் உள்ள பண்ணைக்காரர்களையும் விசாரியுங்கள். மூன்றையும் ஒன்றாகவே கேளுங்கள். கூட்டமாக வளர்ந்த வாத்து தனியாக்கப்பட்டால் ஏங்கித் தீனியைக்கூட ஒதுக்கிவிடும். "இவற்றை ஏற்க இன்னார் தயாராக இருக்கிறார்" என்ற ஒரு வரியை உங்கள் தகவலோடு சேர்க்க முடிந்தால், அந்தப் பறவைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் அதைவிடப் பெரியது இல்லை.

நீங்களே பிடிக்க முயல வேண்டாம். பூங்காவில் உள்ள விலங்குகளை அனுமதியின்றிப் பிடிப்பது சட்டச் சிக்கல் என்பது ஒரு காரணம். துரத்தப்பட்ட வாத்து ஏரியின் நடுவுக்குப் போய்விடும், பிறகு நாள்கணக்கில் கரைக்கே வராது என்பது இன்னொரு காரணம். தஞ்சைப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓரிருவர் நீண்ட கோலோடு ஓட்டிச் செல்வார்கள். அவர்கள் ஓடுவதும் இல்லை, கத்துவதும் இல்லை; கோலைப் பக்கவாட்டில் நீட்டினால் கூட்டம் தானே திரும்பும். அனுபவமுள்ள மீட்பர்களும் அப்படித்தான், கரையில் தீனி வைத்து ஏறவைத்து, தண்ணீர்ப் பக்கத்தை மறித்துக்கொண்டு, மெதுவாக வலைத்தட்டிக்குள் நடத்திச் செல்வார்கள். அவர்கள் உதவி கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வாத்தைக் காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கக்கூடாது, கால் எளிதில் முறிந்துவிடும். இறக்கைகளை உடலோடு அணைத்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். சோர்ந்து கிடக்கும் வாத்தையும் இறந்ததையும் வெறுங்கையால் தொடாதீர்கள். வாத்து பறவைக் காய்ச்சல் கிருமியை நோய் அறிகுறி இல்லாமலேகூடச் சுமக்கக்கூடும்.

வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கடைசிக் கேள்விக்குப் பதில்: நீங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கே கோழி, வாத்து வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டிலும் எத்தனை வளர்க்கலாம், காட்டுப் பறவைகள் நுழையாத கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. இந்த மூன்றும்கூட ஏதோ ஒரு வீட்டில் மஞ்சள் குஞ்சுகளாக வந்து, ஏழெட்டு வாரத்தில் மூன்று கிலோவாகி, ஓயாமல் எச்சமிட்டு, அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று சொன்ன பிறகு ஏரிக்கு வந்திருக்கக்கூடும். நன்கு பராமரிக்கப்படும் வாத்து பத்து ஆண்டுகள்கூட வாழும்; ஏற்க முன்வருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு அமைதியான குளம் பார்த்து மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் கைவிடுவதுதான். தெரிவித்துச் சில நாள் கழித்தும் அவை அங்கேயே இருந்தால், முதல் தகவலின் குறிப்பு எண்ணைச் சொல்லி, புதிய படத்தோடு மறுபடி தெரிவியுங்கள்.