வண்டி சூடாவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். நான் வத்தலக்குண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொடைக்கானல் மலை ஏறி இறங்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் எங்கள் ஊரைக் கடந்துதான் போகும். 24 வருடமாக அந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு. பழைய எஸ்.யூ.வி. வாங்குவது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டிய ஒன்று மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்ததால் உடனே சரி என்றேன்.

போன ஆனி மாதம் ஓர் ஆசிரியர் வந்தார். ஒரு டீசல் வண்டி, மீட்டரில் 61,000 கிலோமீட்டர். "அண்ணே, சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். 50,000 கொடுத்தாயிற்று. புரோக்கர் ஓட்டிக்கொண்டு வந்த வண்டி, இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை, புகையும் இல்லை. வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுப் போங்கள் என்றேன். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர் பிடிவாதமாக விட்டுப் போனார்.

மறுநாள் காலை 6 மணிக்குச் சாவியைத் திருப்பினேன். நீல நிறத்தில் புகை வந்து ஒர்க்‌ஷாப் முழுக்க நின்றது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று ஆவி அடித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 61,000 ஓடிய டீசல் இன்ஜின் இப்படி இருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்பு கடைசியாக சர்வீஸுக்கு வந்தபோதே 1,18,000 ஓடியிருந்தது. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த ஆசிரியர் என் முன்னால் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது.

அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்: பணம் கொடுப்பதற்கு முன்பு மெக்கானிக்கிடம் வாருங்கள். காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் ஸ்டார்ட் செய்து ஓட்டியிருக்கிறார். காரணம் நல்லதாகவும் இருக்கலாம். ஆனாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆறிய இன்ஜின் உண்மையை மறைக்காது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வால்வு சீலாக இருக்கலாம், டர்போவாக இருக்கலாம், ரிங்காக இருக்கலாம். கறுப்புப் புகை பெரும்பாலும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அல்லது காற்று போகும் வழியில் கோளாறு. அது ஓரளவு சமாளிக்கக்கூடிய செலவு. குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது சகஜம், பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் வழவழவென்று ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். ரேடியேட்டர் மூடியை ஆறிய வண்டியில் மட்டும் திறங்கள். சூட்டில் திறந்து முகம் வெந்து போனவரை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறேன்.

எந்த மாடல் நல்ல மாடல் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பொலேரோ உழைக்கும், ஃபார்ச்சூனர் ஓடும் என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. ஆனால் பேர்போன மாடலில் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியைவிட, பேர் இல்லாத மாடலில் தவறாமல் சர்வீஸ் செய்த வண்டி மேல். நீங்கள் வாங்கப் போவது மாடலை அல்ல, ஒருவர் கையில் ஏழெட்டு வருடம் இருந்த ஒரு வண்டியை. சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அதை வரிசையாகப் படித்தாலே மீட்டர் உண்மையா என்று தெரிந்துவிடும்.

மாடலைத் தெரிந்துகொள்வது வேறு ஒன்றுக்காக முக்கியம்: எதில் எங்கே செலவு வரும் என்று முன்கூட்டியே தெரியும். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் தயாரான பழைய ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் அருமையான இன்ஜின். ஆனால் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க அதில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ வருடமோ, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு ஓடும்போது அறுந்தால், வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.5 டீசலுக்கும் பெல்ட்தான். "பெல்ட் மாற்றியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். ஃபோர்டு 2021இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அப்படி நின்றுபோன மாடலை வாங்குவதற்கு முன், பாகங்கள் விற்கும் கடைக்கு ஒரு போன் போட்டு, முன் விளக்கும் பம்பரும் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான டீசல் வண்டி பார்க்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அவற்றில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்து போய்விடும். பள்ளிக்கூடம், கடைவீதி என்று தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் எரியாமல் அடைத்துக்கொள்ளும். வண்டியே கூடுதல் டீசல் விட்டு அதை எரிக்கப் பார்த்துப் பாதியில் நிற்கும்போது அந்த டீசல் இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கும். ஆயில் குறைந்தால் பதறுகிறோம், கூடினால் யாரும் பதறுவதில்லை. முன்பு வைத்திருந்தவர் வண்டியை எங்கே, எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று நைசாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் சென்னை, 2018இல் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சில மாதம் கழித்து, பளபளவென்று கழுவி சீட் கவர் மாற்றிய வண்டிகள் மலிவு விலையில் சந்தைக்கு வரும். வாங்கியபோது நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து ஒயரிங்கில் பச்சை பூத்து, கண்ணாடி ஏறாது, ஏர்பேக் விளக்கு அணையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். சுருளுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்றுக் கோடு நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிகளையும் பாருங்கள். உள்ளே சென்ட் வாசனை அளவுக்கு மீறி அடித்தால் எனக்கு முதலில் தோன்றுவது வெள்ளம்தான்.

அடிபட்ட வண்டிக்கு, பானெட்டும் கதவும் மாட்டியிருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். கதவை மாற்றியிருப்பது பெரிய குற்றமில்லை. ஸ்கார்பியோ, பொலேரோ மாதிரி பாடிக்கு அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டம்) உள்ள வண்டியில், கீழே குனிந்து சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். சேஸிஸில் பொறித்த 17 இலக்க எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரையும் வாங்கிப் பாருங்கள். பல வருடம் கையில் வைத்திருந்தவர், அடியே படவில்லை என்கிறார், ஆனால் கிளைம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் பூஜ்யம் என்றால், எதற்குக் கிளைம் வாங்கினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பதைத் தெருமுனை வரை வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தவர் கொடுத்து வைத்தவர்கள், மலை ஏறும் காட் ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதா என்று பாருங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பாட்டை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். டக் டக்கென்று கேட்டால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கும். பெரிய செலவில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும், அந்தப் பெயரை நீக்கும் படிவம் 35ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்.ஓ.சி.யும், இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அந்த ஆசிரியர் தை மாதத்தில் மறுபடி வந்தார். இந்த முறை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு வண்டி பார்த்தோம், இரண்டையும் வேண்டாம் என்றேன், அவரும் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது வண்டி 1,30,000 ஓடியது. அத்தனை பில்லும் ஒரு ஃபைலில் இருந்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரே தட்டில் எடுத்தது. அதை வாங்கினார். உங்களில் யாராவது நாளைக்கு வண்டி பார்க்கப் போவதாக இருந்தால், விற்பவருக்கு இன்று இரவே ஒரு போன் போட்டு, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வணக்கம்.