மணல்தொட்டியின் விளிம்பு

நேயர்களுக்கு வணக்கம். இருபதாம் நூற்றாண்டு நெதர்லாந்தின் கட்டடக்கலை, நகரமைப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ராட்டர்டாம், உட்ரெக்ட், பைல்மர்மேர் என்று வரிசையாகக் குறிப்பெடுத்துத்தான் வந்திருக்கிறேன். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், எங்கே தொடங்கினாலும் நான் ஆம்ஸ்டர்டாமின் மணல்தொட்டியில்தான் போய் நிற்பேன். ஆகவே சுற்றி வளைக்காமல் அங்கேயே தொடங்கிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ஆம்ஸ்டர்டாமில் வீடுகளுக்குத் தட்டுப்பாடு. குழந்தைகள் மட்டும் நிறையப் பிறந்துகொண்டிருந்தார்கள். மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கொர்னேலிஸ் வான் எஸ்டரன் தலைமைக் கட்டடக்கலைஞர். 2000ஆம் ஆண்டு வரைக்கும் மக்கள்தொகையைக் கணக்குப் போட்டு, குடியிருப்பு இங்கே, தொழிற்சாலை அங்கே, பூங்கா இன்னோரிடத்தில் என்று பிரித்து அவர் தீட்டிய திட்டத்தை, 1935இலேயே மாநகராட்சி ஏற்றுக்கொண்டிருந்தது. ஊரை மேலேயிருந்து பார்க்கிற பார்வை அது.

அதே அலுவலகத்தில் யாகோபா முல்டர் என்றொரு அம்மையார் இருந்தார். தெருவில் விளையாட இடமில்லாத குழந்தைகள் அவர் கண்ணில் பட்டார்கள். முப்பது வயதுகூட ஆகாத கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் எய்க் அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு சின்னச் சதுக்கத்தை விளையாட்டிடமாக்கும் வேலை அவரிடம் வந்தது. பெர்டெல்மன் சதுக்கம், 1947.

என்ன செய்தார்? ஒரு மணல்தொட்டி, சில கான்கிரீட் கற்கள், குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பிகள், பெஞ்சுகள், மரங்கள். அவ்வளவுதான். தொட்டியை நட்டநடுவில் வைக்காமல் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார். கோயில் மாதிரி நடுவில் ஒன்றை வைத்தால் மற்றதெல்லாம் அதற்குப் பிராகாரமாகிவிடும், இல்லையா? இங்கே எல்லாவற்றுக்கும் சம மரியாதை.

அந்தத் தொட்டியின் விளிம்பைக் கொஞ்சம் பாருங்கள். பார்க்க முடியாது, வானொலி! சரி, நினைத்துப் பாருங்கள். நன்றாக அகலமான கான்கிரீட் விளிம்பு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது மணல் பலகாரம் சுட்டு அடுக்குகிற மேடை. ஆறு வயதுப் பையனுக்கு ஓடுகிற பாதை. அம்மாவுக்கு உட்காருகிற திண்ணை. இன்னதற்கு என்று அதில் எழுதியா வைத்திருக்கிறது? விலங்கு உருவத்தில் செய்த விளையாட்டுப் பொருள்கள் வான் எய்க்குக்குப் பிடிக்கவே பிடிக்காது. யானை வைத்தால் அது யானைதான், வேறு எதுவுமாக அதை மாற்ற முடியாது. வெறும் கல்லென்றால் இன்றைக்குக் கப்பல், நாளைக்குக் கடை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வடிவமைப்பவர் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. இடத்துக்கு எங்கே போவது? போர் விட்டுப்போன காலிமனைகள் இருந்தனவே. நாஜிகள் யூதக் குடும்பங்களைப் பிடித்துக்கொண்டு போனபின் வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் விறகுக்காக ஜனங்கள் அந்த வீடுகளின் உத்தரத்தைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள்; சுவர்கள் சரிந்தன. அப்படி விழுந்த சில இடங்களிலும் பிற்பாடு குழந்தைகள் விளையாடினார்கள். இதை நான் வேகமாகச் சொல்லிக் கடக்க விரும்பவில்லை.

1978 வரைக்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள்! இன்று பெரும்பாலானவை இல்லை. 1956இல் துப்ரோவ்னிக் ஊரில் நடந்த நவீனக் கட்டடக்கலைஞர்களின் சர்வதேச மாநாட்டில் வான் எய்க் ஒன்று சொன்னார். பனி கொட்டினால் வண்டிகள் நின்றுபோகும், ஊர் குழந்தையின் கைக்கு வந்துவிடும். பனியைவிட நிரந்தரமான ஒன்றைக் குழந்தைக்குக் கொடுங்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வான் எஸ்டரனைப் போல ஊரை மேலேயிருந்து பார்க்கிறவர்களும் உண்டு என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு நிமிடம் என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ராட்டர்டாமை ஒரே வரியில் முடிக்கிறேன்: 1940 மே 14இல் குண்டுவீச்சில் அழிந்த நகர மையத்தில், 1953இல், வண்டி நுழையாத கடைத்தெரு ஒன்றைத் திறந்தார்கள். லைன்பான் என்று பெயர். கட்டடக்கலைஞர் ரீட்வெல்ட் உட்ரெக்ட் நகரில் கட்டிய வீடு? மாடியில் சுவரை இழுத்து மூடினால் அறைகள், திறந்தால் ஒரே கூடம். அதற்குத் தனியாகக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

பைல்மர்மேரைச் சொல்லாமல் போக முடியாது. ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கில் தேனடை வடிவில் பத்து மாடிக் கட்டடங்கள். 1968இல் முதல் குடித்தனம் வந்தது. மேலே கார்களுக்குச் சாலை, கீழே நடப்பவர்களுக்குப் புல்வெளி. வீட்டுக்குள் வசதி, வெளியே ஆள் அரவமில்லாத வெட்டவெளி. எதிர்பார்த்த நடுத்தரக் குடும்பங்கள் போதுமான அளவு வரவில்லை. 1975இல் தென் அமெரிக்காவின் சுரினாம் நெதர்லாந்திடமிருந்து விடுதலையடைந்ததையொட்டி அங்கிருந்து வந்தவர்கள் பலர் குடியேறினார்கள். பிறகு பல கட்டடங்களை இடித்தார்கள். கிளைபுர்க் என்ற கட்டடம் மட்டும் ஒரு யூரோவுக்குக் கைமாறியது. உள்வேலை செய்யாமலே வீடுகளை விற்றார்கள். சமையலறை எங்கே, தடுப்புச் சுவர் எங்கே என்பதை வாங்கியவர்களே பார்த்துக்கொண்டார்கள். 2017இல் கட்டடக்கலைக்கான ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குத்தான் கிடைத்தது. நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.