மலாவியின் தாய்மார்களுக்கு ஒரு மாத்திரை

நண்பர்களே, எச்.ஐ.வி. ஆராய்ச்சி என்றால் பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களைத்தான் பேசுகிறோம். நான் பேச வந்தது மலாவியைப் பற்றி. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத ஏழை நாடு.

2010-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இப்படி இருந்தது: எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணியின் ரத்தத்தில் சி.டி.4 அணுக்களை, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையை, எண்ண வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எண்ணிக்கை 350-க்கு மேல் போகாவிட்டால் ஆயுள் முழுக்க சிகிச்சை. அதற்கு மேலே என்றால், பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்கச் சில காலம் மட்டும் மருந்து. சரி, எண்ணுவதற்குக் கருவி எங்கே? மலாவியின் கிராமத்துச் சுகாதார நிலையங்கள் பெரும்பாலானவற்றில் அப்போது அது கிடையாது. அங்கே பெண்கள் அடுத்தடுத்துக் கருத்தரிக்கிறார்கள், நெடுநாள் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மருந்தைத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குவதா?

2011-ல் மலாவி அரசு துணிந்து இறங்கியது. அணுக்களை எண்ணத் தேவையில்லை, எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க தினம் ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் என்ற மூன்று எச்.ஐ.வி. மருந்துகளும் அதற்குள் அடக்கம். 'ஆப்ஷன் பி பிளஸ்' என்று பெயர். 2011-ன் இரண்டாம் காலாண்டில் சிகிச்சை தொடங்கிய இத்தகைய பெண்கள் 1,257 பேர். 2012-ன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர்! 2013-ல் உலக சுகாதார நிறுவனமே இந்த வழியைத் தன் பரிந்துரைகளில் சேர்த்துக்கொண்டது.

ஆனால், எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து வந்த ஆய்வுதான். 2014-ல் வெளியானது. இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 17 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையிலிருந்து விலகிப்போயிருந்தார்கள். நோய் முற்றி மருந்து தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு வராமலே போவது ஐந்து மடங்கு. பெரிய மருத்துவமனைகளில், பரிசோதனை செய்த அன்றே மருந்து வாங்கியவர்களிடம் இது மிக அதிகம்.

தயவுசெய்து இதை அலட்சியம் என்று சொல்லாதீர்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல், வயிற்றுப் பிள்ளையைக் காட்டிப் போக வந்தவள் அவள். அன்றைக்கே நோயும் தெரிகிறது, சாகும்வரை மாத்திரையும் கையில் வருகிறது. வீட்டில் கணவனிடம் எப்படிச் சொல்வாள்?

அப்புறம் 21 சுகாதார நிலையங்களில் இன்னொரு ஆய்வு நடந்தது. எச்.ஐ.வி.யோடு வாழும் தாய்மார்களையே புதிய தாய்மார்களுக்குத் துணையாக வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, வழக்கமான முறையில் 66 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். சுகாதார நிலையத்தில் துணை கிடைத்தவர்களில் 80, ஊரிலேயே துணை கிடைத்தவர்களில் 83. அந்தத் துணைத் தாய்மார்களின் ஊதியத்தை, மாத்திரைக்கு ஒதுக்கும் பணத்தோடு சேர்த்தே திட்டத்தில் எழுத வேண்டும் என்பேன்.