முன்மாதிரிக்கு அரசுப் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

போர்வெல் மோட்டார் பழுதானால் குழாயோடு மேலே தூக்க வேண்டும். வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாம் விவசாயிகளுக்குத் தெரியும். மோட்டார் இழுக்கும் கரண்டை மட்டும் அளந்து, பேரிங் தேய்கிறது என்று முன்னாலேயே சொல்லும் ஒரு பெட்டியைச் செய்ய ஒரு சிறு நிறுவனம் நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை இல்லாததால் வங்கி கடன் தராது. இங்கேதான் மானியம் வேண்டியிருக்கிறது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ் திட்டத்தில், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம். இரண்டிலுமே தொழில் வளர்ப்பகம், அதாவது புது நிறுவனங்களுக்குக் கைகொடுத்து வளர்க்கும் இன்குபேட்டர், வழியாகத்தான் பணம் வரும். விண்ணப்பிக்கும் முன் திட்டம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை நிதிக்கு, மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். தனி உரிமையாளர் பட்டறைக்கு அது கிடைக்காது. சரி, பட்டறையைப் பிரித்துப் புது கம்பெனி ஆக்கிவிடலாம் என்று பலர் போகிறார்கள். நடக்கிற தொழிலைப் பிரித்து உருவாக்கிய கம்பெனிக்கும் அங்கீகாரம் கிடையாது. விண்ணப்பிக்கும்போது கம்பெனி தொடங்கி 2 ஆண்டு தாண்டியிருக்கவும் கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பணம் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். சொன்ன வேலை முடிந்தது என்று காட்டினால்தான் அடுத்த தவணை. அந்த வேலையை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கருவி உருவாக்கப்படும்’ என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, தவணை நின்றுவிடும். இப்படி எழுதுங்கள்: ‘10 மோட்டார்களில், தேய்ந்த பேரிங் எது, நல்லது எது என்று 8 இடத்திலாவது சரியாகச் சொல்ல வேண்டும்.’ எண் வேண்டும் நேயர்களே, எண்!

மேசையில் சரியாக வேலை செய்த பெட்டி தோட்டத்தில் தவறும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340தான் வரும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகம் இழுக்கும். பேரிங் போய்விட்டது என்று பெட்டி பொய்யாகக் கத்தும். ஆகவே வோல்டேஜையும் சேர்த்து அளக்க வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டை, மறுபடி செய்ய வேண்டும். மூன்று முறை போர்டு செய்யும் செலவு, சோதனைக்கூடக் கட்டணம், தோட்டத்துக்குப் போய்வரும் செலவு, இவையெல்லாம் பட்ஜெட்டில் முதலிலேயே இருக்கட்டும். பலர் போர்டுக்கு ஒரே ஒரு முறைக்குத்தான் பணம் போடுகிறார்கள். விதை நிதி மானியத்தில் கட்டட வசதி செய்துகொள்ளவும் கூடாது. ஒவ்வொரு பில்லையும் எடுத்து வையுங்கள். பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள்.

காப்புரிமை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இது மட்டும்: கண்காட்சியில் பெட்டியை வைப்பதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பைச் சொல்லும் முதல்கட்டக் காப்புரிமை விண்ணப்பத்தை, தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம் இருக்கிறது. வணக்கம்.