ஏரல் எழுத்து

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் என்னும் இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை, சிப்பி போன்ற ஓட்டுயிர் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த ஓட்டுயிர்களில் ஒன்றுக்குப் பழந்தமிழில் ஏரல் என்று பெயர். அறிவு எது என்ற கேள்விக்கு விடை தேடும் இடத்தில், பரிமேலழகர் அந்த ஏரலைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்.

“கல்லாதான் ஒட்பம் கழியநன் றாயினும் கொள்ளார் அறிவுடை யார்” என்பது 404ஆம் குறள். கல்லாதவனுடைய கூர்மதி சில வேளை மிக நன்றாகவே அமைந்தாலும், அறிவுடையோர் அதை அறிவாக ஏற்கமாட்டார்கள். சொன்னது சரியாக இருக்கும்போது ஏன் ஏற்கக்கூடாது? அது ஏரல் எழுத்தைப் போன்றது என்கிறார் உரையாசிரியர். ஈர மணலில் ஏரல் ஊர்ந்த தடம் தற்செயலாக ‘ட’ என்ற வடிவில் அமைந்துவிடலாம். எழுத்து பிழையற்றதுதான்; ஆனால் அதை எழுதியவர் என்று ஒருவரும் இல்லை.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் தம் நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் பகுதியில், எழுத்தை வைத்தே இதைப் பேசியிருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒருவன் தற்செயலாகவோ பிறர் சொல்லிக் கொடுத்தோ இலக்கணப் பிழையின்றி எழுதிவிடலாம். தன்னிடம் உள்ள இலக்கண அறிவால் எழுதும்போதுதான் அவன் இலக்கணம் அறிந்தவன் ஆகிறான். அறச்செயலுக்கு அவர் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். தான் செய்வது இன்னதென்று தெரிந்து, அந்தச் செயலை அதன் பொருட்டே தேர்ந்து, அசையாத உறுதியான இயல்பிலிருந்து ஒருவன் அதைச் செய்ய வேண்டும். கொடுத்த காசை மட்டும் பார்த்துக் கொடையாளி என்று சொல்லிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

அறத்துக்குச் சொன்ன இந்தப் பண்புக் கோட்பாட்டை அறிவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய நெருக்கடி, 1963இல் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையால் கூர்மையடைந்தது. வேலை இன்னொருவனுக்குத்தான் என்று தக்க காரணத்தோடு நம்பும் ஒருவன், அவனுடைய சட்டைப்பையில் பத்துக் காசு இருப்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, வேலை கிடைக்கப்போகிறவன் பையில் பத்துக் காசு இருக்கிறது என்று முடிவு செய்கிறான். கடைசியில் வேலை இவனுக்கே கிடைக்கிறது. எண்ணியே பார்க்காத இவன் பையிலும் பத்துக் காசுதான் இருக்கிறது. நம்பியது உண்மை, காரணமும் உண்டு, ஆயினும் அது அறிவில்லை. இதை ஏரல் எழுத்து என்று பரிமேலழகர் ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

தத்துவ அறிஞர் ஏர்னஸ்ட் சோசா வில்லாளியை எடுத்துக்காட்டுவார். நன்றாகக் குறிபார்த்து விட்ட அம்பை ஒரு காற்று விலக்கி, மறுகாற்று திருப்பிக் கொண்டுவந்தால், அம்பு குறியில் தைத்தாலும் தைத்தது அவன் திறனால் அன்று. இன்னொரு தத்துவ அறிஞரான லிண்டா ஜாக்செப்ஸ்கி 1996இல் எழுதிய நூலில், திறன் மட்டும் போதாது, உண்மையின் மீது நாட்டமும் வேண்டும் என்றார். நான் இவர் பக்கமே சாய்கிறேன். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், வந்த செய்தியைப் படித்துப் பார்க்காமலே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அது உண்மையாகிவிட்டால் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்கிறோம். அதுவும் மணல் தடம்தான்.

ஆனால் இந்தக் குறளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என் தாயார் கையெழுத்துப் போடத் தெரியாமல், பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கிய, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. அவருடைய ஒட்பத்தையும் அறிவுடையார் கொள்ளமாட்டார்களா? பட்டையில் உளி மேலோடு போனால் பால் குறையும். ஆழப் போனால் உள்ளேயிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் மாறும்போது அந்த நடுவை அவர் கை கண்டுகொண்டது. அது ஏரல் ஊர்ந்த தடம் அன்று. பரிமேலழகர் நூலறிவையே சொல்கிறார். வள்ளுவரோ பத்துக் குறள் தள்ளி, 414இல், ‘கற்றில னாயினும் கேட்க’ என்று இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

உறுதியான இயல்பு என்று ஒன்று உண்டா என்று ஐயுறுவோரும் இருக்கிறார்கள். 1973இல் உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வழியில் துவண்டு கிடந்தவருக்கு உதவ முன்வந்த இறையியல் மாணவர்கள், அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காடு. நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. இதை நான் தட்டிக் கழிக்கமாட்டேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படித்த காலத்தில், விடுமுறை நாளொன்றில் அம்மாவின் நிரையில் நான்கு மரம் வெட்டினேன். பந்து விளையாடப் போகும் அவசரத்தில் நான்காவது மரத்தில் உளி ஆழப் பாய்ந்துவிட்டது. அம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, காயத்தை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டு கழித்து, புதுப்பட்டை ஏறிய அதே பக்கத்தை அவர் மறுபடி வெட்ட வந்தபோது நான் கோலாலம்பூரில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த முடிச்சில் உளி தட்டியதாகவும், அதைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனதாகவும் தொலைபேசியில் சொன்னார்.