மலையேறிய கடிகாரம்

(கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏற்காட்டில் கூடிய கடிகாரச் சேகரிப்பாளர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியவர்களே, குழந்தைகளே, வணக்கம்.

சற்று முன் முற்றத்தில் நட்ட மூங்கில் குச்சியின் நிழலைப் பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே இருந்தார்கள். காலையில் இருந்த மூடுபனிக்கு வெயில் வருமா என்று நானே கவலைப்பட்டேன். வந்துவிட்டது. நிழல் மிகவும் குறுகி, நேர் வடக்கே விழுந்தபோது நம் கைபேசிகள் காட்டிய நேரம் ஏறக்குறைய 12 மணி 17 நிமிடம். "பன்னிரண்டு மணிக்கல்லவா உச்சிப்பொழுது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் இன்று பேச நினைத்தது முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நம் கைபேசி காட்டுவது ஏற்காட்டின் நேரம் அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) பக்கமாகப் போகிறது. ஏற்காடு அதற்கு மேற்கே 4.3 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 17 நிமிடம் வந்துவிடும். வேறு நாளில் இதைச் செய்திருந்தால் கணக்கு இவ்வளவு நேராக வந்திருக்காது. பூமியின் பாதை முழு வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் காட்டும் பொழுது கடிகாரத்துக்கு முன்னும் பின்னுமாக, சில மாதங்களில் கால் மணி நேரம் வரை விலகும். ஆண்டில் நான்கு நாட்களில்தான் இரண்டும் ஒத்துப்போகும். அவற்றில் ஒன்று டிசம்பர் 25-ஐ ஒட்டி வருகிறது. நம் சந்திப்புக்கு இந்தத் தேதியை விடுமுறை கருதித்தான் முடிவு செய்தோம். வானமும் சேர்ந்துகொண்டது.

1906 ஜனவரி 1 முதல்தான் இந்திய நேரம் என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அந்த மெட்ராஸ் நேரத்துக்கும் சேலத்துச் சூரியனுக்கும் இடையே எட்டு நிமிட வித்தியாசம் உண்டு. ஆகவே ஒரு கடிகாரம் "தப்பாக" ஓடுகிறது என்று சொல்வதற்கு முன், எதற்கு எதிரே வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கடிகாரம் பிந்தினாலும் முந்தினாலும் நம்மிடம் ஏதோ சொல்கிறது. எனக்கு அதைப் புரியவைத்தது எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம்.

எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் பெண்டுலக் கடிகாரம் அது. சேலத்தில் எங்கள் கூடத்தில் வாரத்துக்குப் பத்து நொடிகூட விலகாமல் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனர் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, சில மாதங்கள் அங்கே இருக்கட்டும் என்று எடுத்துவந்தேன். பெண்டுலத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினேன். கழற்றாமல் கொண்டுவந்தால் அதைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு முதல் வளைவிலேயே முறிந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடிகாரத்தை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கடந்தேன். மாட்டியதும் டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இல்லை, நொண்டியது. பெட்டியை இடப்பக்கம் ஒரு நூல் அளவு நகர்த்தினேன், நடை சீரானது. எல்லாம் சரி என்று சேலத்துக்கு இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் மைத்துனர் தொலைபேசியில் சொன்னார்: "மாமா, ஒன்றரை நிமிடம் பின்னால் போய்விட்டது." எண்ணெய் போதவில்லையோ, பயணத்தில் ஏதேனும் அசைந்ததோ என்று நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. அதற்கடுத்த வாரமும் அதே ஒன்றரை நிமிடம். கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காகவா வரும்? பிறகுதான் உறைத்தது. சேலத்தைவிட இந்த ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரம். பூமியின் மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு குறைகிறது, பெண்டுலம் சோம்புகிறது. காலடியில் இருக்கும் மலைப்பாறை தன் பங்குக்கு இழுத்து அந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. மிச்சம் நாளுக்குப் பத்து முதல் பதினைந்து நொடி. வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள். குளிரில் உலோகத்தண்டு சுருங்கினால் கடிகாரம் சற்று வேகமெடுக்கும், உண்மைதான். ஆனால் எங்களுடையது மரத்தண்டு, குளிருக்கு அது அவ்வளவாக அசையாது.

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிசெய்த பெண்டுலக் கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று நியூட்டன் வாதிட அந்தப் பிந்தலும் சான்றாயிற்று. ரிஷே அந்த எண்ணைக் குறித்துவைக்காமல், பெண்டுலத்தின் குண்டைச் சற்று உயர்த்திச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

நானும் குண்டின் அடியில் இருக்கும் திருகைத் தொடவில்லை. மூன்று மாதம் கழித்துக் கடிகாரத்தைச் சேலத்துக்கு இறக்கினேன், பழைய நடைக்கே திரும்பியது. அந்த வாரங்களின் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. மதியம் மேசையில் வைக்கிறேன், புரட்டிப் பாருங்கள்.

கைக்கடிகாரத்துக்கு ஈர்ப்பைப் பற்றி இந்தக் கவலை இல்லை. அங்கே வேலை செய்வது முன்னும் பின்னுமாகச் சுழலும் பேலன்ஸ் சக்கரமும் முடி போன்ற சுருள் ஸ்பிரிங்கும். என் அப்பாவின் கைக்கடிகாரத்தை, அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் ஜனதாவை, இங்கே கொண்டுவந்திருக்கிறேன். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய ஆலையின் பிள்ளை. அச்சுகள் தேயாமல் தாங்கும் பதினேழு கல், சாவி கொடுக்கும் வகை, மணிக்கு 18,000 துடிப்பு. ஒரு நாளுக்கு 4,32,000. நாளுக்கு முப்பது நொடி விலகினால் அவற்றில் 150 துடிப்புதான் தவறுகிறது. நம்மில் யார் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்கிறோம்? 2016-இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்பாவின் ஜனதா இன்று காலையும் என் கையில் ஓடியது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கடைக்கணக்கு எழுதியவர். பேனா பிடித்த கையிலேயே கடிகாரம் கட்டுவார். அதனால் ஆறு மணி எண்ணின் பக்கம் டயல் தேனின் நிறத்துக்கு மாறியிருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தபோது, என்னைக் கேட்காமலே டயலைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டார்கள். தேவநாகரியில் இருந்த 'ஜனதா' தடித்து வந்திருக்கிறது. நிமிடக் கோடுகள் பன்னிரண்டின் அருகே ஓரிழை விலகி நிற்கின்றன. அப்பாவின் வியர்வை நிறம் போய்விட்டது. இங்கே இளைஞர்கள் பலர் ஆன்லைனில் பளபளக்கும் டயலைப் பார்த்து வாங்குகிறீர்கள். அடுத்த முறை கறைபடிந்த டயலைக் கேட்டு வாங்குங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "டயலைத் தொடாதீர்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் குறைத்துப் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் செய்கோ நிறுவனம் விற்பனைக்கு வைத்தது 1969-இல் இதே டிசம்பர் 25 அன்றுதான். மாதத்துக்கு ஐந்து நொடிக்குள் நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். நம் பக்கத்து ஓசூரிலிருந்து வந்த டைட்டன்கள் எத்தனை வீட்டுத் திருமணப் பரிசுகள்! 1965 வரை ஓசூரும் சேலம் மாவட்டம்தான் என்பதைச் சேலத்துக்காரனாகப் பெருமையோடு நினைவூட்டுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவே. எத்தனை கடிகாரம் வைத்திருக்கிறீர்களோ அத்தனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டுப் போடுங்கள். எண்ணெய் உலர்ந்த கடிகாரத்தை ஓட்டாதீர்கள், அச்சு தேய்ந்துவிடும். முதலில் சர்வீஸ் செய்யுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, எத்தனை நொடி முந்தியது, எத்தனை நொடி பிந்தியது என்று எழுதுங்கள். முந்தா நாள் வரை ஒழுங்காக இருந்தது திடீரென்று நிமிடக் கணக்கில் வேகமெடுத்தால், ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்துச் சுருள் காந்தமேறியதா என்று பாருங்கள். யாருடையது, யார் கட்டியது, எங்கே பழுது பார்த்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பேத்தி அந்தக் கடிகாரத்தை எடுக்கும் நாளில் நோட்டும் கூடவே அவள் கையில் இருக்க வேண்டும்.

சாப்பாடு தயாராகிவிட்டது. மூன்று மணிக்கு ஜன்னலோர மேசையில் ஜனதாவின் பின்மூடியைத் திறக்கிறேன். பிள்ளைகள் முதல் வரிசையில் வரட்டும். பூதக்கண்ணாடி மூன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். குச்சியை யாரும் பிடுங்கிவிடாதீர்கள், நாளைக்கும் ஒருமுறை குறித்துப் பார்க்க வேண்டும்.