விளக்கு இருந்த கையில் செல்போன்

நடுவர் அவர்களே, அல்சூர் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். புகழ்பெற்ற ஓவியங்களைத் தெருச்சுவரில் மாற்றி வரைவது மரியாதையா, அவமதிப்பா? மரியாதைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"சொந்தமாக வரையத் தெரியாதவன்தான் அடுத்தவர் படத்தில் கை வைப்பான்" என்றார் எதிரணி நண்பர். ஐயா, கை வைப்பது அவ்வளவு லேசா?

மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் 'விளக்கேந்திய பெண்' ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். பலரும் ரவி வர்மா வரைந்தது என்கிறார்கள். இல்லை, ஓவியர் ஹல்தங்கர் 1945-46இல் தன் மகளை நிற்கவைத்துத் தீட்டிய நீர்வண்ண ஓவியம் அது. அந்தப் பெண்ணை நம் ஊரில், தெருவிளக்கு எரியாத ஒரு சந்துச் சுவரில் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றுவீர்கள்? தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்ல, விளக்கை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குடம் கொடுக்கலாமா? நிற்காது. அவள் முகத்து வெளிச்சம் அந்தச் சுடரிலிருந்து வருகிறது. குடத்திலிருந்து வெளிச்சம் வருமா? செல்போன் டார்ச்சைக் கொடுங்கள். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணாகிவிடுகிறாள். சுடரின் மஞ்சளை மட்டும் வெளிறிய வெள்ளையாக்க வேண்டும். சுடரை மறைக்கும் விரல்களில் கசியும் சிவப்பைத் தொடவே கூடாது. டார்ச்சை மூடினாலும் விரல் அப்படித்தான் சிவக்கும். மூலத்தை இவ்வளவு உற்றுப் பார்ப்பவனையா அவமதிக்கிறான் என்கிறீர்கள்?

கைவேலைக்கு வருவோம். ஐந்தடி உருவத்துக்குக் குறைந்தது நான்கு ஸ்டென்சில் ஷீட், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த அட்டை, வேண்டும்; நிறத்துக்கு ஒன்று: இருட்டு, சேலை, தோல், கடைசியாக வெளிச்சம். கண்மணி மாதிரி தனித்து நிற்கும் துண்டு கழன்று விழாமலிருக்க, 5 மி.மீ. பாலம் விட்டு வெட்ட வேண்டும். நான்கு ஷீட்டிலும் ஒரே இடத்தில் இரண்டு மூலைத் துளை போட்டுச் சுவரில் குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால் உதடு கன்னத்தில் போய் உட்காரும். ஸ்பிரே கேன் ஒரு சாண் தள்ளி, நேராக இருக்கட்டும். நெருங்கினால் பெயின்ட் ஷீட்டுக்கு அடியில் கசிந்து விளிம்பு கெட்டுவிடும். அதற்கும் முன்னால் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்புச் சுவர். சுரண்டி, பெயின்ட் பிடிக்க அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்காவிட்டால் படம் மழைக்கு உரிந்து வரும்.

சுவரையும் படிக்க வேண்டும். 2014இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தெரு ஓவியர் பாங்க்சி, டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துக் காதணிப் பெண்ணை வரைந்தபோது முத்தை வரையவே இல்லை. சுவரில் ஏற்கெனவே இருந்த அலாரம் பெட்டியே காதணி!

"மூலத்தின் புனிதம் கெடுகிறது" என்றார்கள். நடுவர் அவர்களே, பிரெஞ்சு ஓவியர் ழெரிகோவின் 'மெடுசாவின் தெப்பம்' எப்படிப் பிறந்தது? 1816இல் மெடுசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்ட, ஏறத்தாழ 150 பேரைத் தெப்பத்தில் ஏற்றிக் கைவிட்டார்கள். மீட்கப்பட்டவர்கள் 15 பேர். கப்பலோட்டத் தகுதியில்லாதவரைத் தலைவராக்கிய அரசை 1819இல் கூசவைத்த படம் அது. பிறந்தபோதே சண்டைக்காரப் படம்! 2015இல் பாங்க்சி அதை அகதிகள் தவித்துக்கிடந்த பிரான்சின் கலே நகரச் சுவரில் வரைந்தார். தெப்பத்திலிருந்து கையசைக்கிறார்கள், தொலைவில் தெரிவது சொகுசுக் கப்பல். இருநூறு ஆண்டுக் கோபத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

"சுவர்ப்படம் நிலைக்காது" என்பதும் அவர்கள் வாதம். ஒப்புக்கொள்கிறேன். கலே சுவரில் பின்னாளில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஆனால் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ழெரிகோவின் தெப்பம் இருக்கிறது. எதிரணி காக்க வந்த அந்தப் படத்தில் பாங்க்சியால் ஒரு கீறல்கூட விழவில்லை.